கைக்குழந்தைக்கு மியூசிக் கிளாஸ் வேணுமா? – குப்பனூரில் எடுத்த குறிப்புகள்

போன பொங்கலுக்கு மனைவியின் ஊரான குப்பனூருக்குப் போயிருந்தோம். சேலத்திலிருந்து ஏற்காடு போக இரண்டு பாதை உண்டு. எல்லோருக்கும் தெரிந்தது அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பாதை. இன்னொன்று குப்பனூர், கொட்டச்சேடு வழியாக சேர்வராயன் மலை ஏறுவது. கோடை விழா சமயத்தில் போலீஸ்காரர்கள் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். மற்ற நாளில் ஊர் பாட்டுக்கு ஊர் இருக்கும்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் மச்சினன் மனைவி போனை நீட்டினாள். முறைக்கு எனக்குத் தங்கச்சி, அதனால் இந்தக் குறிப்பில் தங்கச்சி என்றே எழுதுகிறேன். பத்து மாதப் பெண் குழந்தை அவளுக்கு. போனில் ஒரு விளம்பரம். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆன்லைன் இசை வகுப்பு, மூன்று மாதத்துக்கு 15,000 ரூபாய். மூன்று வயதுக்குள் மூளையின் கதவு மூடிவிடும், அதற்குள் இசையைப் புகுத்திவிட வேண்டும் என்கிற தொனியில் நாலு வரி.

"சேத்துவிட்றலாமாண்ணா? நீங்கதான் எதையும் தேடிப் படிக்கிறவங்களாச்சே. எனக்கு வேற பாடவே வராது."

மச்சினன் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். 15,000 என்பது அந்த வீட்டில் சும்மா போகிற பணம் இல்லை. "வேண்டாம்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு, பெங்களூரில் இருந்தபோது எங்கள் பையனை நாங்களே இப்படி ஒரு வகுப்புக்கு அனுப்பியிருக்கிறோம். அந்தக் கதை பின்னால் வருகிறது. ஆக, மூன்று மாதம் கிடைத்த நேரத்தில் படித்ததும், குப்பனூரில் நானே அளந்து பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில், அந்த வகுப்பில் என்னதான் நடக்கிறது? பெங்களூரில் நான் பார்த்தது இது. முக்கால் மணி நேரம். எட்டுப் பத்துக் குழந்தைகள், ஒவ்வொன்றின் கூடவும் அம்மாவோ அப்பாவோ தரையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லி ஒரு வரவேற்புப் பாட்டு. மடியில் வைத்துக் குதிக்கவைக்க ஒரு பாட்டு. குலுக்குகிற கிலுகிலுப்பை, தட்டுகிற சின்ன டிரம், வீசுகிற துணி. கடைசியில் விளக்கை மங்கவைத்து ஒரு தாலாட்டு, பிறகு டாட்டா பாட்டு. ச-ரி-க-ம யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரவும் முடியாது. புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையே, ஐந்து வயதுக்கு மேல் வாய் திருந்திய பிள்ளைக்குத்தான்.

இந்த மாதிரி வகுப்புகளின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. தாளத்தை உடம்பால் கற்க வேண்டும் என்றார் ஜெனீவாவில் டால்குரோஸ். சொந்த ஊர் நாட்டுப்பாட்டில் தொடங்கு என்றார் ஹங்கேரியில் கொடாய். ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப், குழந்தை கையில் முதலில் தாளக்கருவியைக் கொடுத்தார். இவர்கள் சொன்னதையெல்லாம் இன்னும் சின்னக் குழந்தைகளுக்கு இறக்கி, பெற்றோரையும் கூட உட்காரவைத்து, 1987-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 'மியூசிக் டுகெதர்' தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் பல. அவர்களில் நல்லவர்கள் யாரும் மூளையைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. அந்தப் பேச்சு வேறு இடத்திலிருந்து வந்தது.

1993-ல் 'நேச்சர்' இதழில் ஒரு பக்கக் கட்டுரை. கல்லூரி மாணவர்கள் 36 பேர் பத்து நிமிடம் மொஸார்ட் கேட்டார்கள். உடனே கொடுத்த, காகித மடிப்பை மனதில் பிரித்துப் பார்க்கிற மாதிரியான சோதனையில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். குழந்தை யாரும் அதில் இல்லை. ஆனால் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு இசைத் தட்டு கொடுக்க பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். 2010-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, மொஸார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை என்று சொன்னார்கள். அது விளம்பரக்காரர்கள் காதில் விழவில்லை. தங்கச்சியின் போனில் வந்த நாலு வரி, அந்த ஒரு பக்கத்தின் பேரப்பிள்ளை.

குழந்தைகளையே வைத்து நேராகச் சோதித்ததும் உண்டு. ஹார்வர்டில் 2013-ல் நாலு வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பெற்றோரோடு ஆறு வாரம் இசை வகுப்பு நடத்தினார்கள். முதல் சுற்றில் 29 பிள்ளைகள், அடுத்த சுற்றில் 45. கணக்கு, சொல்வளம், இடத்தை மனதில் வாங்குதல் ஆகியவற்றில் நம்பும்படியான முன்னேற்றம் எதுவும் இல்லை. ஆறு வாரம் குறைவு என்று வாதாடலாம், நானும் வாதாடியிருப்பேன். ஆனால் மூன்று மாதத்தில் மூளையை மாற்றுகிறேன் என்று காசு கேட்கிறவர் அந்த வாதத்தை எடுக்க முடியாது.

அப்படியானால் பாட்டே வேண்டாமா? இங்கேதான் எனக்கு சுவாரசியம் கூடியது. அறிவு கூடுகிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, குழந்தைக்குள் தாளம் எப்படி இறங்குகிறது என்று தேடினால் அருமையான ஆய்வுகள் கிடைக்கின்றன.

2009-ல் வந்த ஒரு ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்கள் தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டி டிரம் ஒலியைப் போட்டார்கள். சுற்றின் முதல் அடி விழாமல் போனபோது மூளையலையில் ஒரு அதிர்வு. வரவேண்டியது வரவில்லை என்பது தூக்கத்திலேயே தெரிந்திருக்கிறது.

2005-ல் கனடாவில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமே இல்லாத ஒரு தாளத்தை இரண்டு நிமிடம் போட்டார்கள். அதை இரண்டு இரண்டாகவும் எண்ணலாம், மூன்று மூன்றாகவும் எண்ணலாம். பாதிக் குழந்தைகளை ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் மடியில் குதிக்கவைத்தார்கள், மீதியை ஒவ்வொரு மூன்றாவது அடிக்கும். பிறகு அழுத்தம் சேர்த்துப் போட்டுக் காட்டியபோது, தன்னை எப்படிக் குதிக்கவைத்தார்களோ அந்தக் கணக்கையே குழந்தை அதிக நேரம் கேட்டது. ஒலி ஒன்றுதான், உடம்பு ஆடியதில்தான் வித்தியாசம். இன்னொருவர் குதிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு இந்த விளைவு வரவில்லை.

இந்தக் கடைசி வரியைப் படித்த அன்றுதான் எனக்குத் தூளி ஞாபகம் வந்தது.

குப்பனூர் வீடு பழைய ஓட்டு வீடு. விட்டத்தில் ஆயாவின் பழைய நூல் சேலையில் ஒரு தூளி எப்போதும் தொங்கும். மனைவியின் பாட்டியைத்தான் ஆயா என்கிறேன். எண்பதைத் தாண்டிவிட்டார். பத்தாவது படித்தவர்களுக்குத் தெரியும், தூளி என்பது ஒரு ஊசல். ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை முடிவு செய்வது கயிற்றின் நீளம் மட்டும்தான். குழந்தையின் எடை கணக்கிலேயே வராது. விட்டத்து முடிச்சிலிருந்து குழந்தை படுத்திருக்கும் இடம்வரை டேப்பில் அளந்தேன், கிட்டத்தட்ட ஆறு அடி. சூத்திரத்தில் போட்டால் போய்வர 2.7 விநாடி. ஸ்டாப்வாட்ச்சில் பத்து ஆட்டம் எண்ணினேன், 27 விநாடி. இயற்பியல் வாத்தியாருக்கு ஒரு கும்பிடு.

அடுத்து ஆயாவின் தாலாட்டைப் போனில் பதிந்தேன். தூளியைத் தன் பக்கம் இழுத்து விடுகிற ஒவ்வொரு தடவையும் பாட்டில் ஒரு அழுத்தம் விழுகிறது. ஒரு அடிக்கு இரண்டு ஆட்டம். அடி முடிந்து 'ஓ' என்று இழுக்கும் இடத்தில் தூளி தானாகப் போய்த் திரும்புகிறது, அந்த இடைவெளியில் ஆயா மூச்சு வாங்கிக்கொள்கிறார். கம்ப்யூட்டரில் அலைவடிவத்தைப் போட்டு நாற்பது அழுத்தங்களை அளந்தேன். சராசரி 2.7 விநாடி, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. பாட்டின் வேகத்தை ஆயா தேர்ந்தெடுக்கவில்லை. விட்டத்தின் உயரம் தேர்ந்தெடுத்திருக்கிறது.

சந்தேகம் தீர, மறுநாள் திண்ணையில் உட்காரவைத்துக் குழந்தையும் தூளியும் இல்லாமல் பாடச் சொன்னேன். வேகம் ஒரு இடத்தில் ஓடியது, ஒரு இடத்தில் நொண்டியது. மூன்றாவது அடியில் வரி மறந்து போச்சு.

"தூளி இல்லாம எப்படி மாப்பிள்ளை பாடறது? கை சும்மா இருந்தா வாய் வரமாட்டேங்குது" என்றார்.

ஒரு வீடு, ஒரு தூளி, ஒரு ஆயா. இதை வைத்து எந்த இதழிலும் கட்டுரை போட முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கனடாக்காரர்கள் மடியில் வைத்துச் செய்ததை இந்த வீட்டில் விட்டமும் சேலையும் செய்துகொண்டிருக்கின்றன. காதுக்கு வருவதும் உடம்புக்கு வருவதும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன.

தங்கச்சியோ அந்தத் தூளியை அதிகம் பயன்படுத்துவதில்லை. சீர்வரிசையில் வந்த ஸ்பிரிங் தொட்டில், கம்பி ஸ்டாண்டோடு. அது ஊசல் இல்லை, மேலும் கீழும் குதிக்கிறது. அங்கே எடைதான் கணக்கு. குழந்தையைப் போட்டதும் ஸ்பிரிங் ஒரு சாண் இறங்கினால், ஒரு குதிப்புக்கு 0.9 விநாடி. குழந்தை தூங்கத்தான் செய்கிறது, குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேகத்துக்கு யாராலும் தாலாட்டுப் பாட முடியாது, பாடினால் மூச்சு வாங்கும். அதனால் பக்கத்தில் போனில் பாட்டு ஓடுகிறது. பாட்டு ஒரு வேகம், தொட்டில் ஒரு வேகம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இரண்டு கடிகாரம், நடுவில் ஒத்திசைவு கிடையாது.

ஒத்திசைவு ஏன் முக்கியம் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 2014-ல் அதே கனடாவில், 14 மாதக் குழந்தையை ஒருவர் முன்பக்கம் கட்டிக்கொண்டு இசைக்கு ஏற்பக் குதிக்கவைத்தார். எதிரே நின்ற இன்னொரு பெண் சிலரோடு சேர்ந்தே குதித்தார், சிலரோடு தாளம் மாற்றிக் குதித்தார். பிறகு அந்தப் பெண் கை தவறியதுபோலப் பொருள்களைக் கீழே போட்டார். சேர்ந்து குதித்த குழந்தைகள்தான் அதிகமாக எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டரை நிமிடம் சேர்ந்து ஆடியதற்கு அவ்வளவு பலன்.

இப்போது ஆன்லைன் வகுப்புக்கு வருகிறேன், இது என் சொந்தத் தொழில் சங்கதி. இருவர் சேர்ந்து பாட வேண்டுமென்றால் ஒலி போய்ச் சேரும் தாமதம் சுமார் 25-30 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டு இழுத்துக்கொண்டே போகும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் இதைப்போல் பல மடங்கு. பேசுவதற்கு அது போதும், சேர்ந்து பாட நிச்சயம் போதாது. ஆகவே ஆன்லைன் வகுப்பில் எல்லோரையும் மியூட் செய்துவிட்டு டீச்சர் மட்டும் பாடுகிறார். குழந்தை கை தட்டுவது டீச்சருக்குத் தாமதமாகத்தான் தெரியும், டீச்சர் அதற்கேற்ப வேகத்தை மாற்றவே முடியாது. பாட்டு முழுக்க ஒருவழிப் பாதை. அதில் ஏதாவது பலன் இருக்கிறதென்றால், இந்தப் பக்கம் அம்மா பாடி, அம்மா குழந்தையை ஆட்டினால்தான். அதற்கு 15,000 எதற்கு? இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் நடக்கும் வகுப்பு வேறு. 2012-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளை இரண்டு விதமான வகுப்பில் ஆறு மாதம் சேர்த்தார்கள். ஒன்றில் பெற்றோரும் குழந்தையும் பாடித் தட்டி ஆட வேண்டும். இன்னொன்றில் குழந்தைகளுக்கான இசைத்தட்டு பின்னணியில் ஓடும், பொம்மை வைத்து விளையாடலாம். முதல் குழுக் குழந்தைகள் கை காட்டுவது, டாட்டா சொல்வது போன்ற சைகைகளில் முன்னே இருந்தார்கள், அதிகம் சிரித்தார்கள், அழுதால் சீக்கிரம் சமாதானம் ஆனார்கள். சில பத்துக் குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் இரண்டு அறையிலும் இசை இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதற்காகப் பதிவு செய்த இசையே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆறு மாத அமெரிக்கக் குழந்தைகளால் பால்கன் நாட்டுப்பாட்டின் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஏற்படும் சின்னப் பிசகைக் கண்டுபிடிக்க முடிகிறது, பெரியவர்களால் முடியவில்லை. ஒரு வயதுக்குள் குழந்தைகளும் அதை இழந்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைப் போட்டுக் கேட்கவைத்தால் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரும்பி வருகிறது, பெரியவர்களுக்கு வருவதில்லை. மிஸ்ர சாப்பு புழங்குகிற வீட்டில் வளரும் குழந்தை இதில் கொடுத்துவைத்தது. தெருவில் தவில் சத்தம் வந்தால் ஜன்னலைச் சாத்தாதீர்கள், அவ்வளவே.

'எனக்குப் பாட வராது' என்று தங்கச்சி சொன்னதற்கும் ஒரு பதில் கிடைத்தது. மாண்ட்ரியலில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளைத் தனியாக உட்காரவைத்து, யாரும் முகம் காட்டாமல், பதிவு செய்த பேச்சையும் பாட்டையும் போட்டுப் பார்த்தார்கள். மொழி துருக்கி, அந்தக் குழந்தைகள் கேட்டே இராதது. பேச்சுக்குச் சுமார் நாலு நிமிடத்தில் முகம் கோணியது. பாட்டுக்கு ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். அர்த்தம், அழகு, அம்மா எதுவும் இல்லாமலேயே இவ்வளவு. ஆயாவுக்கும் சுருதி சேராது. நீலாம்பரியில்தான் தாலாட்ட வேண்டும் என்பது கச்சேரிக்காரர்களின் நல்ல ரசனை, குழந்தையின் நிபந்தனை அல்ல.

உண்மையில் தங்கச்சிக்குப் பாட வராமல் இல்லை. அவள் குழந்தையோடு செய்வதைப் பாட்டு என்று அவள் நினைக்கவில்லை. உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைவது, ஒவ்வொரு விரலாக மடக்கி ஆளாளுக்குச் சோறு கொடுப்பது, கடைசியில் இரண்டு விரல் நண்டாகி, நரியாகிக் கை மேல் ஊர்ந்து கிச்சுக்கிச்சு மூட்டுவது. மடியில் உட்காரவைத்துச் சாய்ந்தாடுவது, கையைப் பிடித்து வீசவைப்பது, இடுப்பில் வைத்து நிலாவைக் கூப்பிடுவது. பருப்பு கடையும் விளையாட்டில் கிச்சுக்கிச்சுக்கு முன்னால் அவள் ஒரு கணம் நிறுத்துவாள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும், சில சமயம் விரல் தொடுவதற்கு முன்பே சிரித்துவிடும். முதல் அடி விழாததைக் கவனித்த அந்தச் சிசு மூளையின் வேலைதான் இது, பத்து மாதத்தில் சிரிப்போடு. குழந்தை எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்து அந்த நிறுத்தத்தை நீட்டுவதும் குறைப்பதும் அம்மா. வீடியோவால் முடியாதது அது ஒன்றுதான்.

கொலுசையும் சொல்ல வேண்டும். 1969-ல் கரோலின் ரோவி-கோலியர் என்ற உளவியலாளர், தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையைக் குழந்தையின் காலோடு ரிப்பனால் இணைத்தார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு மூன்று மாதக் குழந்தைகளே இதைப் பிடித்துக்கொண்டு வேகமாக உதைக்கத் தொடங்கின. நான் செய்தேன், அது நடந்தது என்கிற கண்டுபிடிப்பு. முத்து வைத்த சேலத்துக் கொலுசு இதே வேலையைக் காதுக்குச் செய்கிறது. மச்சினனிடம் சொன்னேன், "நீ செய்யறது நகை இல்லடா, வாத்தியம்." அவன் தொழில்காரன், வேறு கவலை சொன்னான். சின்னக் குழந்தைக் கொலுசில் முத்து கழன்றால் வாயில் போட்டுக்கொள்ளும், பற்றவைப்பை மாதம் ஒருமுறை பார்க்கணும் மாமா என்றான். அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

பெங்களூர்க் கதைக்கு வருகிறேன். எங்கள் பையனை இரண்டேகால் வயதில் ஒரு இசை வகுப்பில் சேர்த்தோம். ஆரம்பத்தில் ஒழுங்காக ஆடினான். சில மாதம் கழித்து வட்டத்தை விட்டு ஓடுவான், பெயர் சொல்லிப் பாடினால் திரும்பமாட்டான், டிரம்மை மட்டும் விடாமல் அடிப்பான். டீச்சர் 'ஆர்வம் இல்லை, கவனம் போதவில்லை' என்றார். நாங்களும் அப்படியே நம்பி வீட்டில் திட்டினோம். எட்டு மாதம். சளிக்காகப் பார்த்த டாக்டர் காதைப் பரிசோதித்துவிட்டு அடுத்த டாக்டரிடம் அனுப்பினார். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி அவனுக்குக் கேட்டிருக்கிறது. டிரம் மட்டும் கைக்கு அதிர்ந்ததால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மூன்று மாதம் காத்திருந்தும் வடியாததால் சின்னக் குழாய் வைத்தார்கள். இப்போது 13 வயது, நம் காதுதான் போகிறது. ஆனால் திட்டியது திட்டியதுதான்.

இந்த வயதில் இது ரொம்ப சகஜமான பிரச்சினை, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்று பிறகு படித்தேன். அப்போது எங்களுக்குத் தெரியவில்லை, வகுப்பு நடத்தியவருக்கும் தெரியவில்லை. ஆகவே தங்கச்சி கேட்ட கேள்விக்கு என் முதல் பதில் பாட்டைப் பற்றியதே இல்லை. குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார். திடீர் சத்தத்துக்குத் தூக்கிப்போடுகிறதா, ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா, பத்து மாதத்தில் பெயரைக் கூப்பிட்டால் பார்க்கிறதா. சந்தேகம் இருந்தால் 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, பரிசோதனை இலவசம். பிறவியிலேயே கேட்காத ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துவது தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. மூடுகிற கதவு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், இதற்குத்தான் அவசரம். பாப்பாவைப் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். டக்கென்று திரும்பினாள். இது பரிசோதனைக்கு மாற்று இல்லை, என் மனசு அடித்துக்கொண்டதற்கு ஒரு சமாதானம்.

மாதக் கணக்கு என்றதும் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மேல் பாடியதிலிருந்து வளர்ந்த இலக்கிய வகை. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடியது அதற்கும் முந்தியது. பத்துப் பருவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். ஐந்தாம் மாதம் செங்கீரை, குழந்தை கையூன்றித் தலை தூக்கி ஆடுவது. ஏழில் தால், அதாவது நாக்கு, தாலாட்டின் தால். ஒன்பதில் சப்பாணி, கை கொட்டுவது. பதினைந்தில் அம்புலி, நிலாவை அழைப்பது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தொன்பதில் சிறுபறை, குச்சியால் பறை கொட்டுவது. பாட்டியல் நூல்களுக்குள் மாதத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இன்றைய குழந்தை மருத்துவர் அட்டவணையிலும் கை தட்டுவது ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள்தான். அந்தக் காலத்திலேயே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை, அந்தப் பேச்சு எனக்கு அலர்ஜி. கடவுளையும் அரசனையும் பாட எழுதியவை அவை. ஆனால் எழுதியவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துத்தானே எழுதியிருக்க முடியும்? குழந்தை தானாகச் செய்யத் தொடங்குவதைப் பிடித்து அதிலிருந்து பாட்டு வளர்கிறது. ஐந்தாம் மாதக் குழந்தையிடம் யாரும் பறையை நீட்டவில்லை.

மத்திய அரசு 2024-ல் 'நவசேதனா' என்ற பெயரில், பிறப்பு முதல் மூன்று வயது வரை 36 மாதத்துக்கும் என்னென்ன செய்யலாம் என்று ஒரு கையேடு வெளியிட்டது. அதையும் புரட்டினேன். சாராம்சம் பெரும்பாலும் ஆயா செய்வதுதான்.

தை மூன்றாவது வாரம் அங்கன்வாடி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவப் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக நின்று, டீச்சர் கை தூக்கினால் தூக்கி, உட்கார்ந்தால் உட்கார்ந்து, ஆளுக்கொரு சுருதியில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் அரை நொடி பின்னாலேயே செய்துகொண்டிருந்தான், அவனை யாரும் திட்டவில்லை. பெங்களூரில் மாதாமாதம் நாங்கள் பணம் கட்டிய வகுப்புக்கும் இதற்கும் வித்தியாசம், அங்கே தரையில் மெத்தென்று பாய் இருந்தது, இங்கே சத்துணவு இருக்கிறது. இரண்டு வயது ஆனால் பாப்பாவை இங்கே விடலாம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கு மாறும். அடுக்ககத்தில் பத்தாவது மாடி, கூட ஆயா இல்லை, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை, விட்டமும் இல்லை என்றால், நேரில் நடக்கும் நல்ல வகுப்பு வாரம் ஒருமுறை தாராளமாகப் போகலாம். குழந்தைக்காக என்பதைவிட அம்மாவுக்காக. நான்கு பாட்டு, நான்கு தோழி கிடைத்தால் காசுக்கு நஷ்டமில்லை. டீச்சர் மூளை வளர்ச்சி பற்றி அதிகம் பேசினால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

இதையெல்லாம் சுருக்கி தங்கச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஸ்பிரிங் தொட்டிலைக் கழற்றிப் பரண்மேல் போட்டாச்சாம், உள் அறையில் கொக்கி போட்டு இன்னொரு தூளி கட்டியிருக்கிறார்கள். "பத்து ஆட்டத்துக்கு 23 செகண்டுதாண்ணா வருது, கொக்கி தாழ இருக்கு. ஆயா பாட்டு அந்த ஸ்பீடுக்கு ஒத்துவரல. நானே ஏதோ ஒண்ணு பாடறேன்." பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. என்ன பாடுகிறாள் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.